அம்பிகாவின் பெயரை எங்கே எழுதுவது?

நினைவைப் போற்றும் முறையை ஸ்ரீபெரும்புதூருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1017ஆம் ஆண்டு இராமானுசர் அவதரித்த ஊர் அது என்பது வைணவ மரபு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவரது திருமேனி அவர் வாழ்ந்த காலத்திலேயே வடிக்கப்பட்டது. அவரே அதைத் தழுவி மகிழ்ந்தார் என்பதனால் 'தானுகந்த திருமேனி' என்று பெயர் பெற்றது. ஆசிரியரைப் பிரிய மனமில்லாதவர்கள் கண்ட வழி அது. அதே ஊரில் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவர் வீழ்ந்த இடத்தில் இன்று தூண்களும் புல்வெளியுமாக நினைவிடம் நிற்கிறது. அன்றிரவு அவரோடு உயிரிழந்த காவலர்களின், தொண்டர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்வோம் என்பது வேறு கேள்வி. ஆயினும் அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வாசல்.

ஒரு துறவியையும் ஒரு தலைவரையும் நினைவில் வைத்திருக்கும் அந்த ஊரின் எல்லையில், சிப்காட் வளாகத்தில், இளம் தொழிலாளி ஒருவரும் உயிரிழந்தார். அவர் பெயர் அம்பிகா. நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும்படி அவர் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது எழுதப்பட வேண்டும் என்பதும், எழுதும்போது எதை எழுத வேண்டும் என்பதும் பற்றி எங்களுக்குள் நெடுநாள் பேசி வந்ததை இங்கே முன்வைக்கிறோம்.

நிகழ்ந்தது இது. நோக்கியா நிறுவனத்தின் செல்பேசித் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் நேரடிப் பணியாளர்களே ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையினர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பெண்கள். 2010 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்கள் இருந்தன. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அம்பிகா, மின்சுற்றுப் பலகைகளை ஏற்றும் இயந்திரத்தில் சிக்கினார். கழுத்தில் ஏற்பட்ட காயம் அவர் உயிரைப் பறித்தது. இயந்திரத்தை உடைத்தாவது அவரை உடனே மீட்டிருக்க வேண்டும், அதில் தாமதம் நேர்ந்தது என்று உடன் பணிபுரிந்தவர்கள் அந்நாள்களில் குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டாகவே இங்கே பதிகிறோம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்குள் ஒரு விலைக்கணக்கு இருக்கிறது என்பதைக் கவனியாமல் கடக்க இயலவில்லை. இயந்திரத்துக்கு விலை உண்டு, அதை அனைவரும் அறிவார்கள். அதன் வாயில் அகப்பட்ட பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த நிமிடத்தில் எவரோ தீர்மானிக்க வேண்டியிருந்தது என்றே அவருடைய தோழிகள் நம்பினார்கள்.

அடுத்த ஆண்டிலேயே அந்த ஆலையில் உற்பத்தியான செல்பேசிகளின் எண்ணிக்கை 50 கோடியை எட்டியது. அந்த எண்ணைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. பின்னர் வரித் தகராறு வந்தது. செல்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குக் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேராமல் தனித்து நின்றது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் விருப்ப ஓய்வு என்னும் பெயரில் வெளியேறினர். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி அடியோடு நின்றது. அம்பிகா விபத்துக்குள்ளான நாளின் நான்காம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள் அது. 2019இல் அவ்வளாகத்தை மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? ஒருவர் இறந்தால் அவரை நினைவில் வைத்திருக்க மனிதர்கள் வேண்டும். அம்மனிதர்கள் கூடும் இடமும் வேண்டும். கிராமத்தில் ஒருவர் இறந்தால் அவர் அமர்ந்த திண்ணை அங்கேயே இருக்கிறது. அவர் இறைத்த கிணறு இருக்கிறது. தெருவில் நடப்பவர் பத்தாண்டு கழித்தும் "இது இன்னார் வீடு" என்பார். தொழிற்சாலை வரிசையில் அவ்வாறு இல்லை. அங்கே ஒருவர் நின்ற இடத்தில் மறுநாள் இன்னொருவர் நிற்கிறார். சில ஆண்டுகளில் வரிசையே கழற்றப்படுகிறது. உடன் நின்றவர்கள் திருமணமாகியோ வேலையிழந்தோ செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் திரும்பிவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயர்ப்பலகைகூட மாறிவிடுகிறது. ஆகவே அம்பிகாவை நாம் மறந்தது மனக்கல்லால் அன்று. நினைவு தங்குவதற்கு அங்கே ஓர் இடம் விடப்படவில்லை. இடம் இல்லாத நினைவை வேண்டுமென்றே ஏற்படுத்தினால்தான் உண்டு.

அப்படி ஏற்படுத்தும்போது நம் நாக்கில் முதலில் வந்து நிற்கும் சொல்லைப் பற்றி எங்களுக்கு ஒரு மறுப்பு உண்டு. 'தியாகம்' என்பதே அச்சொல். தமிழ்நாட்டில் இளம் வயதில் பொது நிகழ்வொன்றில் இறந்த எவரையும் தியாகி ஆக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. சுவரொட்டியில் படம், 'தோற்றம்', 'மறைவு', கீழே வீரவணக்கம். அன்பினால் செய்வதுதான், குறை கூறவில்லை. ஆனால் தியாகம் என்பது தெரிந்து கொடுப்பது. அம்பிகா எதையும் கொடுக்க அன்று போகவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யப் போனார், வேலை முடிந்து திரும்புவதற்காகவே போனார். அவர் உயிரை அவர் கொடுத்ததாகச் சொல்லும்போது, அதை எடுத்துக்கொண்டது எது என்னும் கேள்வி மெல்ல நழுவிப் போகிறது. வளர்ச்சிக்காகச் சிலர் பலியாவது இயல்பு என்று வாதிடுவோருக்கும் அந்தச் சொல் வசதியாகவே இருக்கிறது. எனவே அதை விலக்குவது அவரது பெருமையைக் குறைப்பதாகாது. அவரை அவராகவே இருக்க விடுவதாகும்.

மாறாக, நம்மிடமே இன்னும் பழைய, இன்னும் நேர்மையான ஒரு மரபு இருக்கிறது. நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவற்றில் அலங்காரம் குறைவு, தகவல் மிகுதி. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்தப் பூசலில் எவ்வாறு பட்டான் என்பவையே செய்தி. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதென்று கல் சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்தது.

அந்தத் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்தும் அதை ஒட்டிய ஊர்களிலிருந்தும்தான் இன்று விடியலுக்கு முன்பே கம்பெனிப் பேருந்துகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிள்ளைகளை ஏற்றிவருகின்றன. மூதாதையர் தம் நாயின் பெயரையும் அது செய்ததையும் எழுதினார்கள். நாமோ நமக்குச் செல்பேசியும் மகிழுந்தும் செய்துகொடுத்தவர்களின் பெயரையும் அவர்கள் இறந்த விதத்தையும் எழுதவில்லை.

நடுகல்லில் நாங்கள் கற்க விரும்புவது வீரத்தை அன்று; அதன் விவரத்தை. யார், எந்த ஊர், எப்போது, எதனால். இந்நான்கும் ஒருசேர இருந்தால்தான் அது நினைவு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டால் வெறும் துக்கமே மிஞ்சும். காரணத்தை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்டால் அது புள்ளிவிவரம் ஆகிவிடும்.

இனி இலக்கிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மரணச் செய்தி வந்த வாரத்தில் நாம் கவிதை எழுதுகிறோம். அம்பிகாவைப் போன்ற ஒருவருக்கு உடனே ஒரு மஞ்சள் தாவணியையும், காத்திருக்கும் காதலனையும், தங்கையின் கல்யாணக் கடனையும் கற்பித்துவிடுகிறோம். அவை அவருடையவை அல்ல, நம்முடையவை. இறந்தவரால் மறுக்க முடியாது என்பதாலேயே இதில் கூடுதல் நாணயம் வேண்டும். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதும் முன் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்றார். 'கூட்டுக் குஞ்சுகள்' எழுத சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளிடம் சென்றார். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நெசவாளரின் நூல்விலைக் கவலையை அறிந்து எழுதப்பட்டது. டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல்பதனிடும் தொட்டிகளுக்குள் இறங்கியது. நம் புனைகதைக்கு உப்பும் தறியும் தோலும் தெரியும். ஆனால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், தலைமுதல் கால்வரை நிலைமின் தடுப்பு உடையணிந்து, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் பெண்ணை அது இன்னும் சரிவர அறியவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

அறிவதற்கு வழி இல்லாமல் இல்லை. நோக்கியா ஆலையில் வேலை செய்த பெண்கள் சிலருடன் ஆய்வாளர் மதுமிதா தத்தா காஞ்சிபுரத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறையில் அமர்ந்து பேசிய பேச்சுகள் 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்ற பெயரில் முதலில் ஒலிப்பதிவாகவும், 2021இல் ஆங்கில நூலாகவும் வந்தன. அதில் கண்ணீர் மட்டும் இல்லை. சமையல் இருக்கிறது, சினிமா இருக்கிறது, சாதி பற்றிய கோபம் இருக்கிறது, இரவு வேலை முடிந்து தோழியரோடு வெளியே வரும் பெண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பது இருக்கிறது. முதற்சம்பளம் தந்த நிமிர்வும் இருக்கிறது. வேலையின் கடுமையைச் சொல்லும் அதே வாய்கள்தாம் அந்த வேலை தந்த விடுதலையையும் சொல்கின்றன. இத்தகைய ஒரு வாழ்க்கையின் நடுவிலிருந்துதான் அம்பிகா பறிக்கப்பட்டார். அவர் வாழ்வைப் போற்றுவது என்றால் அவர் இறந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதன்று. அவரைப் போன்றவர்கள் வாழ்ந்த, வாழ்கிற முழு நாளையும் கேட்டு எழுதுவது. உடன் நின்ற தோழியர் இன்று நாற்பதை நெருங்கியிருப்பார்கள். அவர்கள் நினைவில் இருப்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிய இன்னும் காலம் இருக்கிறது.

பிற நாட்டார் செய்ததையும் சற்றுப் பார்க்கலாம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். 2004 முதல் ஆண்டுதோறும் அதே நாளில் தன்னார்வலர்கள் நகரெங்கும் சென்று, இறந்தவர் வசித்த வீட்டு வாசல் நடைபாதையில் அவர் பெயரையும் வயதையும் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். மழை வந்தால் அழிந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடி எழுதுகிறார்கள். கடைசி ஆறு பேரின் அடையாளம் தெரிந்தது 2011இல்தான், நூறு ஆண்டு கழித்து. எஃகில் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் 2023இல் திறக்கப்பட்டது. வாசலில் கோலமிட்டு வளர்ந்த நமக்கு, நாளும் அழிந்து நாளும் எழுதப்படும் எழுத்தின் பொருள் எவரும் விளக்காமலே புரியும்.

தென்கொரியாவில் 2018 டிசம்பரில் கிம் யோங்கியூன் என்ற 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி, தேயான் அனல்மின் நிலையத்தில் இரவில் தனியாக வேலை செய்கையில் நிலக்கரி கொண்டுசெல்லும் பட்டையில் சிக்கி இறந்தார். அவர் தாய் இரண்டு மாதம் மகனை அடக்கம் செய்யாமல் நியாயம் கேட்டார். அந்த மாதமே தொழிலகப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தை மக்கள் இன்றும் அந்த இளைஞர் பெயராலேயே அழைக்கிறார்கள். கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. மின் நிறுவனத்தின் முன்னாள் தலைவரை 2023 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆனாலும் சட்டத்தின் மீது ஒரு தொழிலாளியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டம் பேசப்படும்போதெல்லாம் அது எதனால் வந்தது என்பதும் பேசப்படுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு. விபத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 88ஆம் பிரிவு. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களையும் பழைய சட்டத்தோடு சேர்த்து மூட்டைகட்டி விடுவோமோ என்பதே எங்கள் அச்சம்.

சிலர் கேட்கக்கூடும்: ஒரே ஒருவரை ஏன் இவ்வாறு தனித்து எடுக்க வேண்டும், தொழில் வளரும் தடத்தில் இது தேவையற்ற கசப்பு அல்லவா, நிறுவனங்கள் வேறு மாநிலம் தேடிப் போய்விடாவா? இதில் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை வந்த நாள் முதல் ஒரகடம் வரை இத்தடம் எத்தனையோ குடும்பங்களின் கூரையை மாற்றியது. பெண் பிள்ளை வெளியூர் போய்ச் சம்பாதிப்பதை இயல்பாக்கியது. அது நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நோக்கியா வெளியேறியது ஒரு தொழிலாளியை நினைவுகூர்ந்ததால் அன்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

நினைவை மறைப்பதால் நம்பிக்கை வளர்வதுமில்லை. 2021 டிசம்பரில், இதே ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றின் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. அது உண்மையன்று. எனினும் அதிகாரிகள் சொன்ன மறுப்பு அவர்களுக்குப் போதவில்லை. பெருந்திரளான பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். எங்கள் தோழி எங்கே, அவளைக் கண்ணால் காட்டுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. ஊதிய உயர்வுக்கு முன்பாக ஒரு பெயருக்காகச் சாலையில் அமர்ந்தவர்கள் அவர்கள். இறந்தவர் பெயர் ஒளிவின்றிச் சொல்லப்படும் ஊரில், உயிரோடிருப்பவர் பற்றிய சொல்லையும் மக்கள் நம்புவார்கள்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் பதிவாகும் உயிரிழப்புகள், இறந்தவர் குடும்பத்தின் ஒப்புதலுடன் பெயரோடும், எப்படியாயினும் காரணத்தோடும், எவரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். இன்னொரு ஆலையில் அதே இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் இராது.

இரண்டாவது, வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெரும் குடியிருப்பு இருக்கிறது. அதில் ஒரு படிப்பகமோ ஓர் அரங்கமோ அம்பிகாவின் பெயரைத் தாங்க வேண்டும். பெயர்ப்பலகையில் நடுகல்லின் நான்கு செய்திகளும் இருக்க வேண்டும். அங்கு தங்குபவர்கள் அவர் இறந்தபோது இருந்த வயதில் இருப்பவர்கள். வேலை முடிந்து வந்து செய்தித்தாளைப் பிரிக்கும் ஒரு பெண் தலை நிமிர்ந்து "யார் இந்த அம்பிகா?" என்று அருகிலிருப்பவளைக் கேட்டால் போதும்.

மூன்றாவது நமக்கானது, அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று, ஆங்காங்கே உள்ள வாசக நண்பர்கள், தத்தம் ஊரிலிருந்து இத்தடத்துக்கு வேலைக்குப் போனவர் ஒருவரையேனும் சந்தித்து, அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுத வேண்டும். எழுந்த நேரம், ஏறிய பேருந்து, நின்ற மணிகள், கேண்டீனில் உண்டது, சிரித்தது, பயந்தது. அழகுபடுத்த வேண்டாம். அவர் சொன்னபடி எழுதினால் போதும்.

கல் நடுவதற்கு முன் கல்லைத் தேர வேண்டும் என்கிறது மரபு. நமக்கு அந்தக் கல் இதுவாக இருக்கட்டும்.